கடைசல் லேத்துக்கு சக் வாங்குகிறீர்களா? 24 பயனுள்ள குறிப்புகள்

சித்திரைத் திருவிழாக் கடைகளில் குவிந்து கிடக்கும் மரச் சொப்புகளில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் உயரமே உள்ள குடத்தில்கூட வாய், கழுத்து, வயிறு மூன்றும் ஒரே அச்சில் நிற்கும். அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை அது. மரத்தைப் பிடித்து நிறுத்தும் பிடி நேராக இருப்பதுதான் அந்த அழகுக்கு அடிப்படை.

இப்போது மாடிப்படிக்குக் கீழேயும் மொட்டைமாடித் தகரக் கொட்டகையிலும் சின்ன லேத் வைத்துக் கடைபவர்கள் இருக்கிறார்கள். லேத் வாங்கியதும் அடுத்து வரும் கேள்வி, மரத்தைப் பிடித்து நிறுத்தும் அந்தப் பிடியான சக்கில் எதை வாங்குவது என்பதுதான். விலை கொடுத்து வாங்கிய சக் லேத்தில் ஏறாமல் போவதும், ஏறியபின் கட்டை ஆட்டம் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. மதுரை வட்டாரத்து மரம், வெயில், கரண்ட் எல்லாவற்றையும் மனத்தில் வைத்து இந்தக் குறிப்புகளைத் தொகுத்திருக்கிறேன்.

வாங்கும் முன்

1. என்ன கடையப் போகிறீர்கள் என்று முதலில் ஒரு பட்டியல் போடுங்கள். மத்துக் காம்பு, பூரிக்கட்டை, கட்டில் கால், தொட்டில் கம்பு ஆகியவற்றை லேத்தின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் பிடித்தே கடைந்துவிடலாம்; சக் தேவையில்லை. உள்ளே குடைய வேண்டிய கிண்ணம், குங்குமச் சிமிழ், சொப்புக் குடம், ஒரு பக்கம் மட்டும் பிடித்துக் கடைகிற பம்பரம் ஆகியவற்றுக்குத்தான் சக் வேண்டும். பட்டியலில் குடைகிற வேலை எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்பச் செலவு செய்யுங்கள்.

2. கட்டையைக் கவ்வும் தாடைகளான ஜாக்கள் நான்கும் ஒன்றாக நகரும் சக்கையே வாங்குங்கள். இரும்பு வேலைப் பட்டறைகளில் இருக்கும் மூன்று ஜா சக் உருண்டைக் கம்பியையும் ஆறுபட்டைக் கம்பியையும் நன்றாகப் பிடிக்கும்; சதுரக் கட்டையைப் பிடிக்காது. நாம் ரம்பத்தில் அறுத்து எடுத்து வருவது பெரும்பாலும் சதுரம். நான்கு ஜாக்களைத் தனித்தனியாக முடுக்கும் சக்கும் உண்டு. அதில் ஒவ்வொரு கட்டைக்கும் மையம் பார்த்து நிறுத்த நேரம் பிடிக்கும். ஜாக்கள் உடலுக்கு வெளியே துருத்திக்கொண்டு சுழன்றால் விரலுக்கும் ஆபத்து.

3. லேத்தின் ஸ்பிண்டில் மரையை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். வெர்னியரால் மரையின் வெளிவிட்டத்தை அளந்து, ஸ்கேலை ஒட்டிவைத்து ஒரு இன்ச் நீளத்தில் எத்தனை மரை என்று எண்ணுங்கள். சிறிய, நடுத்தர லேத்துகளில் 1 இன்ச் விட்டத்துக்கு 8 மரை என்பது அதிகம் காணப்படும். பெரிய லேத்துகளில் 1¼ இன்ச்சுக்கு 8 மரை இருக்கும். ஐரோப்பிய வகைகளில் 33 மி.மீ. விட்டமும் 3.5 மி.மீ. மரை இடைவெளியும் இருக்கும். இன்ச் மரையில் மில்லிமீட்டர் மரையை ஏற்ற முயன்றால், முதல் ஒரு சுற்று ஏறுவதுபோல் ஏறிப் பிறகு இறுகும். அதற்குமேல் பலம் காட்டினால் ஸ்பிண்டிலே கெட்டுப்போகும்.

4. மரை நேரடியாக உடலில் வெட்டப்பட்ட சக்கா, மரையுள்ள தனி வளையமான இன்சர்ட் போடும் சக்கா என்று கேளுங்கள். நேரடி மரையில் நடுவில் இன்னொரு பாகம் இல்லாததால் ஆட்டத்துக்கு இடம் குறைவு; ஸ்பிண்டிலை விட்டுத் தள்ளி நிற்கும் தூரமும் குறைவு. இன்சர்ட் வகையில், நாளைக்கு வேறு லேத் வாங்கினாலும் இன்சர்ட்டை மட்டும் மாற்றிக்கொண்டு அதே சக்கைப் பயன்படுத்தலாம். முதல் லேத்தோடு நிற்கப் போவதில்லை என்று நினைப்பவருக்கு இன்சர்ட் வகையே லாபம். இன்சர்ட்டை இறுக்கும் திருகை மாதம் ஒருமுறை சரிபார்த்தால் போதும்.

5. லேத்தின் அளவுக்கு மிஞ்சிய சக் வேண்டாம். 8 முதல் 12 இன்ச் விட்டம் வரை சுழற்றும் லேத்துக்கு 80 முதல் 100 மி.மீ. உடல் உள்ள சக் போதும். 14, 16 இன்ச் லேத்துக்கு 100 முதல் 120 மி.மீ. பொருந்தும். 100 மி.மீ. சக் ஒன்றே ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். சின்ன லேத்தில் பெரிய சக்கை மாட்டினால் அதன் பேரிங் எந்நேரமும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும்.

6. நீளத்தையும் கணக்கில் எடுங்கள். சக்கும் ஜாவும் சேர்ந்து படுகையில் 3 இன்ச்சுக்கு மேல் தின்றுவிடும். டெயில்ஸ்டாக்கில் டிரில் பிட் மாட்டித் துளை போடும்போது அந்த பிட்டின் நீளமும் சேர்ந்துகொள்ளும். 16 இன்ச் நீள லேத்தில் இவையெல்லாம் போக மிஞ்சும் இடத்தில் உங்கள் கட்டை அடங்குமா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

கடையிலும் கையிலும்

7. சாவியால் முடுக்கும் வகையே வசதி. இரண்டு கம்பிகளை எதிரெதிராக நெம்பி இறுக்கும் வகைக்கு இரண்டு கையும் வேண்டும். கட்டையைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வர வேண்டும். சாவி வகையில் ஒரு கை கட்டையைப் பிடித்திருக்க, மறு கை முடுக்கும். தனியாக வேலை செய்பவருக்கு இதுவே ஏற்றது.

8. பிராண்டைப் பார்ப்பதைவிட அதற்கு எத்தனை வகை ஜா கிடைக்கிறது என்று பாருங்கள். நியூசிலாந்தின் நோவா, கனடாவின் ஒன்வே, ஆஸ்திரேலியாவின் விக்மார்க், இங்கிலாந்தின் ரெக்கார்ட் பவர், ஆக்ஸ்மின்ஸ்டர் ஆகியவை உலகம் முழுவதும் கடைசல்காரர்கள் அறிந்த பெயர்கள். ஒரு கம்பெனியின் ஜா இன்னொன்றின் சக்கில் பொருந்தும் என்று நம்பி வாங்காதீர்கள்; திருகுத் துளைகளின் இடைவெளி மாறும். ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தால் கடைசிவரை அந்தக் குடும்பத்திலேயே இருங்கள்.

9. கையில் வாங்கியதும் மூன்று சோதனை செய்யுங்கள். சாவியால் முழுக்கத் திறந்து முழுக்க மூடுங்கள். எந்த இடத்திலும் சிக்கக் கூடாது. ஜாக்களை மூடியபின் நான்கும் நடுவில் ஒரே நேரத்தில் சந்திக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு ஜாவையும் விரலால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக நகர்ந்தால் குற்றமில்லை. முன்பக்கம் தலையாட்டினால் அந்த சக் வேண்டாம்.

10. ஜாவிலும் அது ஓடும் காடியிலும் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். ஜா மாற்றும்போது எண்ணுக்கு எண் சேர வேண்டும். புது சக்கிலும் இது மாறிக் கிடக்கலாம். எண் மாறினால் எவ்வளவு விலையுயர்ந்த சக்கும் கோணலாகத்தான் சுற்றும்.

11. பழைய சக் வாங்குவதானால், நடுப்பகுதியைக் கவனியுங்கள். ஜாவை நகர்த்தும் சுருள் தட்டு, தினம் பயன்பட்ட திறப்பில் மட்டும் தேய்ந்திருக்கும். ஓரங்களில் இறுக்கமாகவும் நடுவில் தளர்வாகவும் இருந்தால் தேய்மானம் என்று அர்த்தம். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள்.

நேராகச் சுற்றுகிறதா?

12. மரை ஏற்றும்போது சக் லேசாகக் குலுங்கினால் பயப்பட வேண்டாம். சக்கை நேராக நிறுத்துவது மரை அல்ல. ஸ்பிண்டிலின் தோளில் சக்கின் பின்முகம் போய்ப் படியும் இடம்தான். அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில் ஒரு மரத்தூள் சிக்கினாலும் கட்டையின் நுனியில் அது பெரிய ஆட்டமாகத் தெரியும். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் இரண்டு முகத்தையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். கோணல் சக் என்று திருப்பி அனுப்ப நினைப்பதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். நானே ஒருமுறை அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, தோளில் ஒட்டியிருந்த சிறு பிசிரைத்தான் கண்டுபிடித்தேன்.

13. டயல் கேஜ் இருந்தால் வரிசையாகச் சோதியுங்கள். முதலில் ஸ்பிண்டிலின் தோள், அடுத்து சக்கின் உடல், கடைசியாக ஜாவில் பிடித்த நேரான இரும்புக் கம்பி. ஸ்பிண்டிலே ஆடினால் சக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கம்பியில் ஜாவுக்குப் பக்கத்தில் முள் 0.1 மி.மீ.க்குள் நின்றால் மரவேலைக்குத் தாராளம். இரும்பு வேலைக்குக் கேட்கும் துல்லியத்தை மரத்தில் கேட்க வேண்டியதில்லை. வெட்டி வைத்த மரமே மறுநாள் அதைவிட அதிகம் அசைந்திருக்கும்.

14. டயல் கேஜ் இல்லையென்றால் பென்சில் போதும். கடைந்து உருட்டிய கட்டையைக் கழற்றி மறுபடி மாட்டி, குறைந்த வேகத்தில் ஓட்டி, டூல் ரெஸ்ட்டில் பென்சிலை ஊன்றி மெல்லத் தொடுங்கள். கோடு சுற்றிலும் விழுந்தால் நேர். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கம் மேடு. பின்முகத்தைத் துடைத்து, சக்கை மீண்டும் மாட்டிப் பாருங்கள்; அதற்குப் பிறகும் அதே இடத்தில் கோடு விழுந்தால்தான் சக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

15. ஒவ்வொரு ஜாவுக்கும் ஒரே ஒரு சரியான வட்டம்தான் உண்டு. முழு வளையமாகக் கடைந்த இரும்பை நான்காக அறுத்ததுதான் ஜா. அறுத்தபோது இருந்த விட்டத்தில் பிடித்தால் நான்கு ஜாவும் முழு நீளத்துக்கு மரத்தைத் தழுவும். அதைவிட அதிகம் திறந்தால் ஜாவின் ஓரங்கள் மட்டும் கடிக்கும். குறைத்தால் நடுப்பகுதி மட்டும் தொடும். பெரும்பாலான ஜாக்களில், முழுக்க மூடிய நிலையிலிருந்து 3 முதல் 6 மி.மீ. திறந்த அளவே நல்ல பிடி. அந்த அளவை ஒரு அட்டையில் வட்டமாக வெட்டிச் சுவரில் மாட்டிவையுங்கள். சக் கவ்விப் பிடிப்பதற்காகக் கட்டையின் அடியில் விடும் குட்டைக் கழுத்தை, அதாவது கழுந்தை, அந்த அளவுக்கே கடையுங்கள்.

கட்டையைப் பிடிக்கும்போது

16. நேராகச் சுற்றுவதில் பாதி சக்கில் இருக்கிறது; மறு பாதி நீங்கள் வெட்டும் கழுந்தில் இருக்கிறது. அதை 6 முதல் 10 மி.மீ. நீளத்துக்கு, ஜாவின் சரிவுக்கு ஏற்ற சரிவோடு வெட்டுங்கள். கழுந்தின் அடி, சக்கின் உள்தரையைத் தொடவே கூடாது. கழுந்தைச் சுற்றியுள்ள தோள்தான் ஜாவின் முகத்தில் படிய வேண்டும். உள்தரையைத் தொட்டால் கட்டை ஒற்றைக் காலில் நிற்பதுபோல் நின்று, உளி பட்டதும் சாயும். தோளும் கழுந்தும் சேரும் மூலையைக் கூர்மையாக வெட்டுங்கள். அங்கே மரம் வளைவாக மிஞ்சினால் ஜா முழுதாக அமராது.

17. கழுந்தின் விட்டம், செய்யப்போகும் கிண்ணத்தின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கட்டும். 6 இன்ச் கிண்ணத்துக்கு 2 இன்ச், அதாவது 50 மி.மீ. கழுந்து. முதலில் 50 மி.மீ. ஜா ஒன்று வாங்கினாலே வீட்டு வேலைகளில் பெரும்பகுதி முடிந்துவிடுவது இதனால்தான். சிமிழுக்கும் சொப்புக்கும் 25 முதல் 35 மி.மீ. ஜா இரண்டாவதாக வரலாம். கட்டையில் துளை போட்டு ஏற்றும் திருகும் பல சக்குகளுடன் வரும். அதற்குப் பெரும்பாலும் 8 மி.மீ. துளை. கிண்ணத்தின் வெளிப்புறத்தைக் கடைய அது மிகவும் உதவும்.

18. அடியில் குழி வெட்டி, ஜாவை விரித்தும் பிடிக்கலாம். அப்போது குழியைச் சுற்றி மரம் தடிமனாக இருக்க வேண்டும். இறுக்கும்போது ஜா உள்ளிருந்து ஆப்புபோல் வேலை செய்வதால், வரிவாக்கில் பிளக்கும் மரங்கள் இதில் சட்டென்று வாய் திறக்கும். பழகும்வரை வெளிப்பிடியே நல்லது.

19. மரத்துக்கு மரம் பிடி மாறும். பூவரசு இழை பின்னிய மரம், கழுந்து எளிதில் உடையாது, கற்றுக்கொள்பவருக்கு ஏற்றது. புளிய மரத்தின் வைரம் இரும்புபோல் இருக்கும். ஜா நழுவாமல் இருக்கக் கழுந்தைச் சுத்தமாக வெட்ட வேண்டும். முருங்கைபோன்ற பஞ்சு மரத்தை ஜா நசுக்கிவிடும், சக்கில் பிடிக்காதீர்கள். சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் பக்கமெல்லாம் விறகாகப் போகும் சீமைக்கருவேல மரத்தை ஒருமுறை முயன்று பாருங்கள். காய்ந்தாலும் அதிகம் சுருங்காத மரம் என்பதால் சக்கில் அதன் கழுந்து வட்டமாகவே நிற்கும். அழிக்க நினைக்கும் மரத்தில் அழகான கிண்ணம் கிடைப்பது நல்லதுதானே!

20. பச்சை மரத்தைக் கடைந்தால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை லேத்தை நிறுத்திச் சாவியைக் கால் சுற்று இறுக்குங்கள். ஜா அழுத்த அழுத்த ஈர மரம் உள்வாங்கும். மதுரையில் மே மாத வெயிலில் கடைந்து பாதியில் விட்ட கிண்ணம், சில நாட்களிலேயே முட்டை வடிவமாகிவிடும்; கழுந்தும் அதோடு கோணும். அப்படிப்பட்ட கிண்ணத்தை இரு முனைகளுக்கும் நடுவில் மாட்டி, கழுந்தை மறுபடி வட்டமாக்கிய பிறகே சக்கில் ஏற்ற வேண்டும்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

21. கரண்ட் போனதும் முதல் வேலையாக சுவிட்சை அணையுங்கள். கரண்ட் திரும்பும்போது லேத் தானாக ஓடத் தொடங்கும். சாவி சக்கில் இருந்தால் அது பறக்கும். கரண்ட் போனால் தானே விழுந்து, நாம் அழுத்தினால் மட்டும் மீண்டும் ஓடும் நோ-வோல்ட் சுவிட்ச் ஒன்றை எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள். சாவியை எப்போதும் கையிலோ ஆணியிலோ வையுங்கள். சக்கில் விட்டுவிட்டு நகராதீர்கள். தோள் துண்டு, முந்தானை, வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் லேத் பக்கம் வரக் கூடாது. முகக் கவசம் கட்டாயம். லேத்தைப் பின்பக்கமாகச் சுழற்றினால் சக் தானே கழன்றுவரும். பூட்டுத் திருகு இல்லாத சக்கில் அதைச் செய்யவே வேண்டாம்.

22. வேகத்துக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. கட்டையின் விட்டத்தை இன்ச்சில் எடுத்து, நிமிடச் சுற்றால் பெருக்கினால் 6,000 முதல் 9,000-க்குள் வர வேண்டும். 8 இன்ச் கிண்ணம் என்றால் 750 முதல் 1,125 சுற்று. கோணலான பச்சைக் கட்டையை அதைவிடக் குறைத்தே தொடங்குங்கள். கிண்ணத்தை வாய்ப்பக்கம் பிடிக்கும், ரப்பர் குமிழ் வைத்த அகலத் தட்டு ஜாவில் 600 சுற்றைத் தாண்டாதீர்கள்.

23. மாதம் ஒருமுறை ஜாக்களைக் கழற்றி, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் மரத்தூளைத் துடையுங்கள். எண்ணெய் நிறையப் போடாதீர்கள். தூளும் எண்ணெயும் சேர்ந்து களிம்பாகிச் சுருள் தட்டைத் தின்னும். மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, ஒரு துளி விட்டால் போதும். கருவேலம், புளி போன்ற பச்சை மரச் சாற்றில் உள்ள துவர்ப்பு இரும்பைக் கறுக்கவைக்கும்; வேலை முடிந்த அன்றே துடைத்துவிடுங்கள். உள்ளூரில் செய்த லேத்தின் மரை எதற்கும் பொருந்தாவிட்டால், கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் இரும்பு லேத் வைத்திருக்கும் பட்டறையில் ஸ்பிண்டிலையும் சக்கையும் ஒன்றாகக் கொடுத்து அடாப்டர் கடையச் சொல்லுங்கள். மரையோடு பின்முகத்தையும் ஒரே பிடியில் கடையச் சொல்ல மறக்காதீர்கள். அங்கேதான் நேர் இருக்கிறது.

24. கடைசியாக, காசில்லாமல் கிடைக்கும் மிகத் துல்லியமான பிடியையும் கற்றுக்கொள்ளுங்கள். பேஸ்பிளேட்டில் ஒரு கழிவுக் கட்டையைத் திருகி, அதை உங்கள் லேத்திலேயே கிண்ணம்போல் குடைந்து, வேலைக் கட்டையை அதில் தட்டி ஏற்றுங்கள். அந்தப் பிடி எந்தக் கம்பெனியிலும் பிறக்கவில்லை. உங்கள் ஸ்பிண்டிலில், உங்கள் அச்சில் பிறந்தது. அதனால் அது கோணலாக இருக்க வழியில்லை. கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் பொம்மை கடைபவர்களும், நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நாகஸ்வரத்தைக் கடைபவர்களும் சுழல்கிற மரத்தின் அச்சை நம்பியே வேலை செய்கிறார்கள். சில கம்பெனிகளின் சக்கில் இரும்பு ஜாவுக்குப் பதில் மரத்துண்டுகளைத் திருகி, அந்த இடத்திலேயே கடைந்து வட்டமாக்கிக்கொள்ளவும் முடியும். நல்ல சக் ஒன்று வாங்குங்கள், நேரத்தை மிச்சப்படுத்தும். அந்த சக்கில் முதலில் ஒரு சொப்புக் குடம் கடையுங்கள். வாயும் கழுத்தும் வயிறும் ஒரே அச்சில் நின்றால், சக்கும் சரி, கையும் சரி.